திர்ஹம் முதல் மில்லிகிராம் வரை: மருந்தின் அளவும் உடலின் நிறையும்

எங்கள் வீட்டு அலுமாரியில் மூத்தாப்பாவின் பித்தளைத் தராசு ஒன்று இன்னும் இருக்கிறது. உள்ளங்கையைவிடச் சிறிய இரண்டு தட்டுகள், கறுத்துப்போன நூல், கூடவே ஒரு தகரப் பேணிக்குள் ஐம்பது அறுபது குன்றிமணிகள். அவர் எங்கள் ஊரின் பரிசாரியார். செந்தூரமோ தூளோ, எதைக் கொடுத்தாலும் குன்றிமணியை ஒரு தட்டில் வைத்து, மருந்தை மறுதட்டில் நிறுத்துத்தான் கடதாசியில் மடிப்பார். ஒரு குன்றிமணி கிராமில் எட்டில் ஒரு பங்கு அளவில் வரும். சின்னப் பிள்ளைகளுக்கென்றால் அந்த ஒரு மணி அளவு மருந்தையும் கத்தி நுனியால் இரண்டாக, நான்காகப் பிரிப்பார்.

ஒருமுறை ஒரு தாய் கேட்டது நினைவிருக்கிறது. "பெரியவனுக்குத் தந்த தூள் வீட்ட கிடக்கு. இவனுக்கும் அதையே குடுக்கட்டா?" மூத்தாப்பா பிள்ளையை இரண்டு கைகளாலும் தூக்கிப் பார்த்தார். "மருந்து ஒன்டுதான் புள்ள, ஒடம்பு ஒன்டில்லையே" என்றார். அவர் எந்தப் பிள்ளை வந்தாலும் அப்படித்தான் தூக்குவார். எங்களுக்கு அது கொஞ்சுவதுபோலத் தெரியும். அவர் நிறை பார்த்திருக்கிறார் என்பது எனக்கு வெகு காலம் விளங்கவில்லை.

விளங்கியது கடந்த வருடம், மழைக்காலத்தின் ஓர் இரவில். மகளின் மகனுக்கு நாலு வயது. வயதுக்கு மெலிந்தவன், 12 கிலோதான். காய்ச்சல் என்றால் பரசிற்றமோல் பாணி 7.5 மில்லிலீற்றர் கொடுக்கும்படி முன்னர் ஒரு டொக்டர் துண்டில் எழுதித் தந்திருந்தார். அந்தப் போத்தல் முடிந்து வேறொரு போத்தல் வீட்டுக்கு வந்திருந்தது. மகளும் மருமகனும் வெளியூரில். நான் துண்டைப் பார்த்தேன், 7.5 என்று இருந்தது, அளந்து கொடுத்தேன். ஆறு மணித்தியாலத்தின் பின் இன்னொரு தரம் கொடுத்தேன். விடியப் புறப்பட்டு வந்த மகள்தான் போத்தலைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "வாப்பா, இது 250 எல்லுவா?"

பழைய போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் மருந்து. புதியதில் அதே 5 மில்லிலீற்றருக்கு 250. நான் 180 மில்லிகிராம் கொடுக்க வேண்டிய இடத்தில் 375 கொடுத்திருக்கிறேன், அதுவும் இரண்டு தரம். முப்பத்துநாலு வருடம் கணிதம் படிப்பித்தவன் நான்.

உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டு போனோம். டொக்டர் முதலில் பிள்ளையை நிறுத்தார். பிறகு கணக்குப் பார்த்தார். "ரெண்டு தரத்துக்கும் 750 மில்லிகிராம் போயிருக்கு சேர். இவருக்கு ஒரு நாளைக்கு 720தான் உச்சம். பயப்படத் தேவையில்ல, ஆனா இன்டைக்கு இனி வேணாம். நாலு தரமும் குடுத்திருந்தீங்கன்டா 1500. அது ஈரலுக்குக் கூடாது." பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். நான்தான் பல நாட்கள் தூக்கம் பிடிக்காமல் கிடந்தேன். அந்த நாட்களில் வாசிக்கத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை.

இரண்டு கேள்விகள்

மருந்தின் அளவு என்பதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மருந்து எவ்வளவு வலியது என்பது ஒன்று. அது போய்ச் சேரும் உடல் எவ்வளவு பெரியது என்பது மற்றது. நான் அந்த இரவில் இரண்டாவது கேள்வியின் விடையைக் கையில் வைத்துக்கொண்டு முதலாவதை மறந்தேன். மருத்துவ வரலாற்றில் நடந்தது இதற்கு மறுதலை. முதலாவது கேள்விக்குக் கணக்கு எழுதப்பட்டு ஆயிரம் வருடமளவில் கடந்த பிறகே இரண்டாவதற்கு ஒரு திட்டமான கணக்கு வந்தது.

முதலாவது கேள்வியை எண்களால் எதிர்கொண்டவர் அல்கிந்தி. பக்தாதில் கலீபா மஃமூன், முஃதஸிம் ஆகியோரின் காலத்தில் பணியாற்றி, கி.பி. 873 அளவில் காலமானவர். மெய்யியலாளராகவே நாம் அவரை அறிவோம். கூட்டு மருந்துகளின் வலிமையை அறிவது பற்றி அவர் எழுதிய சிறு நூல் நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை.

மருந்துகளைச் சூடு, குளிர், ஈரம், வறட்சி எனப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு படிகள் உண்டு என்று கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸ் சொல்லி வைத்திருந்தார். தனி மருந்துக்கு அது போதும். ஆனால் முதலாம் படிச் சூடுள்ள ஒன்றையும் இரண்டாம் படிக் குளிருள்ள ஒன்றையும் கலந்தால் வருவது என்ன? அல்கிந்தி இதற்கு ஒரு விதி வகுத்தார். சூடும் குளிரும் சமமாக இருந்தால் அது நடுநிலை. சூடு குளிரைப்போல் இரு மடங்கானால் முதலாம் படி. நான்கு மடங்கானால் இரண்டாம் படி, எட்டு மடங்கானால் மூன்றாம் படி, பதினாறு மடங்கானால் நான்காம் படி. படி ஒன்று ஏற, விகிதம் இரட்டிக்கும்.

அந்நூலிலுள்ள ஓர் உதாரணம் நம் வீட்டுச் சாமான்களாலேயே ஆனது: ஏலக்காய் 1 திர்ஹம், சீனி 2 திர்ஹம், அவுரி 1 திர்ஹம், நெல்லி 2 திர்ஹம். ஒவ்வொன்றின் சூட்டுப் பங்கையும் கூட்டினால் 4½, குளிர்ப் பங்கும் 4½. ஆகவே சூட்டிலும் குளிரிலும் இக்கலவை நடுநிலை. ஈரப் பங்கு 3, வறட்சிப் பங்கு 6. வறட்சி இரு மடங்கு, எனவே முதலாம் படி வறட்சி. ஓ.எல். வகுப்பில் விகிதம் படிப்பிக்கும்போது கரும்பலகையில் எழுதக்கூடிய கணக்கு.

இந்நூல் லத்தீனுக்குப் போனது. 1300ஐ ஒட்டிய காலத்தில் மொன்பெலியேயில் கற்பித்த வில்லனோவாவின் ஆர்னால்ட் இந்த இரட்டிப்பு விதியை எடுத்துக்கொண்டார். ஆனால் அதற்கு முன்பே குர்துபாவைச் சேர்ந்த இப்னு ருஷ்த் (1126 - 1198) தமது 'குல்லிய்யாத்'தில் அல்கிந்தியைக் கடுமையாக மறுத்திருந்தார். ஜாலீனூஸ் சொன்ன படிகள் சம அளவில் ஏறுபவை, அவற்றை இரட்டிப்பது மருத்துவத்தை விட்டு எண்கலைக்குள் போய்விடுவது என்பது அவரது வாதம். நம் இருபெரும் அறிஞர்கள் மருந்தின் கணக்கில் இப்படி மோதிக்கொண்டார்கள் என்பதை, இருவர் பெயரையும் ஒரே மூச்சில் பெருமையோடு சொல்லும் நாம் பெரும்பாலும் சொல்வதில்லை.

இவ்விருவருக்கும் இடைப்பட்ட காலத்தில் வாழ்ந்த இப்னு ஸீனா (980 - 1037) இரண்டாவது கேள்வியின் பக்கம் வருகிறார். 'அல்கானூனி'ன் முதலாம் பாகத்தில், மருந்தின் அளவைத் தீர்மானிக்க எவற்றைப் பார்க்க வேண்டும் என்று பட்டியலிடுகிறார். நோயுற்ற உறுப்பின் தன்மை, நோயின் கடுமை, ஆணா பெண்ணா என்பது, வயது, பழக்கம், பருவகாலம், ஊர், தொழில், பலம், உடல்வாகு என்பன அதில் வருகின்றன. இரண்டாம் பாகத்தில் மருந்தைச் சோதிப்பதற்கு ஏழு நிபந்தனைகள் சொல்கிறார். குறைந்த வலிமையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும் என்பதும், மனித உடலில்தான் சோதிக்க வேண்டும் என்பதும் அவற்றுள் உள்ளவை. சிங்கத்தின் உடலிலோ குதிரையின் உடலிலோ ஒரு மருந்து செய்வதை அது மனித உடலிலும் செய்யும் என்று கொள்ளக்கூடாது என்கிறார்.

இந்த இடத்தில் எனக்கும் ஓர் ஆசை வந்தது. 'பாருங்கள், இன்றைய மருத்துவம் சொல்வதை ஆயிரம் வருடத்துக்கு முன்பே நம்மவர்கள் சொல்லிவிட்டார்கள்' என்று எழுதி முடித்துவிடலாம். நம் சஞ்சிகைகளில் அப்படி எழுதிய கட்டுரைகள் பல. ஆனால் அது சரியல்ல. இப்னு ஸீனாவின் பட்டியலில் உடல்வாகு இருக்கிறது, ஆனால் அதை எண்ணாக மாற்றும் வழி இல்லை. அல்கிந்தியிடம் எண் இருக்கிறது, ஆனால் அது மருந்தைப் பற்றியது, நோயாளியைப் பற்றியதல்ல. அவர் அளந்த சூடும் குளிரும் இன்று எந்த ஆய்வுகூடமும் அளக்கும் பொருள்களுமல்ல. அளவு என்பது கைப்பழக்கத்துக்கு விடப்படக் கூடாது, அதற்குக் காரணம் சொல்ல வேண்டும், சொன்ன காரணம் பிழையென்றால் மறுக்க வேண்டும் என்று அவர்கள் நடந்து காட்டியதுதான் நமக்கு மிஞ்சும் சொத்து.

திர்ஹமும் இறாத்தலும்

ஸகாத் நிஸாபைக் கணக்கிட்டவர்களுக்குத் திர்ஹமும் மிஸ்காலும் புதியவை அல்ல. 200 திர்ஹம் வெள்ளி, 20 மிஸ்கால் தங்கம். பத்துத் திர்ஹம் ஏழு மிஸ்காலுக்குச் சமம். இதே திர்ஹம்தான் அரபு மருத்துவ நூல்களிலும் மருந்தை நிறுக்கும் அளவை, ஏறக்குறைய 3 கிராம். திர்ஹம் என்ற சொல்லும், ஆங்கிலேய மருந்துக் கலவையாளர் பயன்படுத்திய 'டிராம்' என்ற சொல்லும் 'டிராக்மா' என்ற ஒரே கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தவை. நாம் பாண் வாங்கும்போது சொல்கிற 'இறாத்தல்' அரபு 'ரத்ல்' என்ற சொல்லின் வழி வந்தது.

கண்டி அரசர்களின் காலத்தில் முஸ்லிம் மருத்துவர்கள் அரச சேவையில் இருந்ததை லோர்னா தேவராஜா இலங்கை முஸ்லிம்கள் பற்றிய தமது நூலில் எழுதியிருக்கிறார். 1929இல் கொழும்பில் சுதேச வைத்தியக் கல்லூரி தொடங்கப்பட்டபோது ஆயுர்வேதம், சித்தம் ஆகியவற்றோடு யூனானியும் இடம்பெற்றது. இன்னொரு பக்கம், 1870இல் கொழும்பு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டு, ஆங்கில மருந்து கிராமங்கள்வரை வந்தது. டிஸ்பென்சரிக்கு நாமே போத்தல் கொண்டுபோக வேண்டும். மிக்ஸரை ஊற்றி, பக்கத்தில் வெட்டுப் போட்ட கடதாசித் துண்டொன்றை ஒட்டித் தருவார்கள். பெரியவருக்கு ஒரு வெட்டு, பிள்ளைக்கு அரை வெட்டு. மூத்தாப்பா இதைப் பார்த்துச் சிரிப்பார் என்று வாப்பா சொல்லியிருக்கிறார். "எந்தப் புள்ளைக்கு அர வெட்டு? தொட்டில் புள்ளைக்கா, ஓதப் போற புள்ளைக்கா?"

இந்தக் கேள்வி ஐரோப்பாவிலும் எழுந்தது. தாமஸ் யங் (1773 - 1829) ஒளி அலையாகச் செல்கிறது என்று பரிசோதனையால் காட்டியவர். எகிப்தின் ரொசெட்டாக் கல்லின் எழுத்துகளை வாசிப்பதிலும் பங்குகொண்டவர். தொழிலால் மருத்துவர். அவர் பெயரில் வழங்கும் விதி இது: பிள்ளையின் வயதை, அவ்வயதோடு 12ஐக் கூட்டி வரும் எண்ணால் வகு. வருவது பெரியவரின் அளவில் எத்தனை பங்கு பிள்ளைக்கு என்பது. நாலு வயதென்றால் 4ஐ 16ஆல் வகுக்க, நாலில் ஒரு பங்கு.

அழகான விதி. ஆனால் நாலு வயதுப் பிள்ளைகள் இருவரை எடுப்போம். ஒருவர் 12 கிலோ, மற்றவர் 18 கிலோ. பெரியவரின் அளவு 1000 மில்லிகிராம் என்று வைத்தால் இருவருக்கும் 250 கிடைக்கும். கிலோவுக்கு என்று பார்த்தால் பருத்தவருக்குப் போவது 14 மில்லிகிராம் அளவில், மெலிந்தவருக்கோ 21 மில்லிகிராம் அளவில். மருந்து கூடிப்போவது பலம் குறைந்த உடலில்.

பிறகு கிளார்க்கின் விதி வந்தது. அது வயதை விட்டு நிறையைப் பிடித்தது: பிள்ளையின் நிறையை இறாத்தலில் எடுத்து 150ஆல் வகு. 150 இறாத்தல் என்பது 68 கிலோ, வளர்ந்த ஒருவரின் நிறை. நம் மெலிந்த பிள்ளைக்கு 26½ இறாத்தல், ஆகவே 177 மில்லிகிராம் அளவில். மற்றவருக்கு 265. இருவருக்கும் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகவே போகிறது. பரசிற்றமோலுக்கு ஒரு தரத்துக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று இன்று டொக்டர்கள் போடும் கணக்குக்கு இது மிகவும் கிட்டியது. இப்போது பெரியவரின் அளவைப் பங்குபோடும் சுற்றுவழியும் தேவையில்லை. பிள்ளையின் நிறையிலிருந்தே நேரே தொடங்குகிறார்கள். 12ஐ 15ஆல் பெருக்க 180. ஒரு நாளுக்கு நான்கு தரம், கிலோவுக்கு 60, ஆக 720.

நிறையும் போதாத இடங்கள்

நிறையைப் பிடித்ததோடு பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. 1950களில் குளோரம்பெனிக்கோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு நிறைக்கேற்பக் கணக்குப் பார்த்தே கொடுக்கப்பட்டது. குழந்தைகள் வயிறு உப்பி, சாம்பல் நிறமாகி இறந்தார்கள். அமெரிக்க மருத்துவர்கள் 1959இல் இதை வெளியிட்டார்கள். அந்தச் சிசுக்களின் ஈரலுக்கு மருந்தை மாற்றி வெளியேற்றும் பக்குவம் இன்னும் வரவில்லை. மருந்து இரத்தத்திலேயே தேங்கியது. சின்னப் பிள்ளை என்பது பெரியவரின் சுருங்கிய வடிவம் அல்ல என்ற பாடம் அங்கே கிடைத்தது. இப்னு ஸீனா வயதையும் உடல்வாகையும் தனித்தனியே எழுதியிருப்பதை அதன் பிறகு வாசித்தால் வேறு விதமாகப் படுகிறது.

மறுபக்கமும் உண்டு. டெங்கு நமக்கு வருடந்தோறும் வரும் விருந்தாளி. டெங்கு நோயாளிக்கு எவ்வளவு நீர் ஏற்றலாம் என்பதற்கும் நிறைதான் கணக்கு: முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லிலீற்றர், அடுத்த 10 கிலோவுக்கு 50, அதற்குமேல் ஒவ்வொரு கிலோவுக்கும் 20. 1957இல் ஹொலிடேயும் செகாரும் எழுதிய கணக்கு இது. டெங்கில் இதனோடு கிலோவுக்கு 50 மில்லிலீற்றர் கூட்டுவார்கள். ஆனால் இலங்கை டொக்டர்கள் பின்பற்றும் தேசிய வழிகாட்டியில் பெரியவர்களுக்கு 50 கிலோவுக்கு மேல் கணக்கெடுப்பதில்லை. 90 கிலோ மனிதருக்கும் 50 கிலோ என்றே போட்டு, 4600 மில்லிலீற்றரில் நிறுத்துவார்கள். கொழுப்பின் நிறைக்கும் சேர்த்து நீர் ஏற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். நிறுப்பதும் அவசியம், எந்த நிறையை எடுப்பது என்று தெரிவதும் அவசியம்.

டெங்குச் சந்தேகம் உள்ள காய்ச்சலுக்கு பரசிற்றமோல் மட்டுமே, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் என்பதும் அதே வழிகாட்டியின் சொல். காய்ச்சல் இறங்கவில்லை என்று இடையில் இன்னொன்று கொடுப்பதும், அஸ்பிரின், ஐபுபுரோபன், மெபனமிக் அசிட் போன்றவற்றைத் தேடிப்போவதும் ஆபத்து.

நம் வீடுகளில்

1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து இந்த நாட்டில் தாய்மாரும் பிள்ளைகளும் கிராமங்களிலேயே பராமரிக்கப்பட்டு வந்திருக்கிறார்கள். மருத்துவமாது தொங்கு தராசில் சீலையைக் கட்டிப் பிள்ளையை நிறுக்கும் காட்சியை அறியாத உம்மாமார் இல்லை. அவர் அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுத்துத் தருகிறார். மூத்தாப்பா கையால் தூக்கி ஊகித்ததை, இன்று கிராம் கணக்கில் எழுதி நம் கையில் தருகிறார்கள். நாமோ அந்த அட்டையைத் திரிபோஷா எடுக்கவும் ஊசி போடவும் மட்டும் கொண்டு போகிறோம். பாமசிக்குப் போகும்போது "நாலு வயசு, காய்ச்சலுக்கு ஒரு பாணி தாங்க" என்கிறோம். நிறை கேட்காத கடைக்காரரும் உண்டு, கேட்டால் சொல்லத் தெரியாத நாமும் உண்டு.

டொக்டர் செய்ய வேண்டிய கணக்கை வீட்டில் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் செய்த கணக்கு வீட்டுக்கு வரும் வழியில் பிழைத்துவிடாமல் பார்ப்பது நம் பொறுப்பு. பிள்ளையின் இன்றைய நிறை என்ன? இந்தப் போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு எத்தனை மில்லிகிராம்? இன்று இதற்கு முன் எத்தனை தரம், எப்போது கொடுத்தோம்? இம்மூன்றையும் தெரிந்துகொண்டே மூடியைத் திறக்க வேண்டும். தடிமன் பாணிகள் சிலவற்றிலும் பரசிற்றமோல் கலந்திருக்கும், அதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். சமையலறைக் கரண்டிகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. போத்தலோடு வரும் அளவுக் கிண்ணத்தாலோ, ஊசியில்லாத சிறிஞ்சாலோ அளக்க வேண்டும். டொக்டர் துண்டு எழுதும்போது மில்லிலீற்றரோடு மில்லிகிராமையும் எழுதச் சொல்லிக் கேட்பதில் வெட்கமில்லை. என் துண்டில் 180 மில்லிகிராம் என்று இருந்திருந்தால் அந்த இரவில் நான் போத்தலைத் திருப்பிப் பார்த்திருப்பேன்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இப்போது ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறேன். பேரனின் பெயர், திகதி, நிறை. போன கிழமை கிளினிக்கில் 13 கிலோ 400 கிராம் காட்டியது. பழைய 12ஐ வெட்டிவிட்டு அதை எழுதினேன். "பாணி எவ்வளவு என்டும் எழுதி வைங்களேன் வாப்பா" என்றாள் மகள். அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். போத்தலைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் அதை எழுத முடியும்.